மேட் என்றால் கோபம்

உட்துறைமுக வீதி,
திருகோணமலை.
12.10.1997

அன்பு மகள் குணேஸ்வரிக்கு,

கோணேசர் அருளால் இங்கே அம்மாவும் தம்பி தவராசாவும் நானும் உண்டு உறங்கி இருக்கிறோம். நீயும் மருமகனும் குட்டி பிரவீனாவும் அந்தக் குளிரில் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும் என்றுதான் விளக்கு வைக்கும்போதெல்லாம் கேட்கிறோம். சோளகக் காற்று ஓய்ந்துவிட்டது, மழையைக் காணவில்லை. நேவி கடலுக்கு விடுகிற நாளில்தான் மீன், மற்ற நாளில் அம்மா கருவாட்டோடு சமாளிக்கிறாள். இந்தக் கடிதத்தைத் தபாலில் போடப் பயந்து கொழும்புக்குப் போகிறவர் கையில் கொடுத்து விடுகிறேன்.

பிள்ளை, நடந்ததை நீ என்னிடமிருந்தே கேட்க வேண்டும். போன மாதம் அபூதாஹிரின் கொமினிகேசன் கடையில் இருந்து உனக்குப் போன் எடுத்தேன் அல்லவா, அப்போது பிரவீனாதான் பேசினாள். அம்மாவைக் கூப்பிடு என்றேன். "மம்மி இஸ் மேட்" என்றாள், பிறகு ஒரே இரைச்சல், லைன் அறுந்துவிட்டது. திரும்பத் திரும்ப எடுத்தும் கிடைக்கவில்லை. துறைமுகக் கந்தோரில் இங்கிலீஷிலேயே எழுதிக் காலம் தள்ளியவன் நான், அங்கே அந்தச் சொல்லுக்குப் பைத்தியம் என்பதைத் தவிர வேறு கருத்து இருந்ததில்லை. இங்கே உன் அம்மாவிடம் சொல்லப் பயந்து நேரே லிங்கநகருக்கு உன் மாமியிடம் போய், "பிள்ளைக்கு மூளை சுகமில்லையாம், மகன் ஏதும் சொன்னவரோ?" என்று கேட்டுவிட்டேன். அவர் முகம் மாறியது. "கலியாணம் பேசேக்க இதை மறைச்சுத்தானோ தந்தனீங்கள்?" என்றார். அந்தக் கதை கனடாவுக்கு வந்து உன் காதில் விழுந்து, நீ சாப்பிடாமல் கிடந்து அழுதாய் என்று மருமகன் சொன்னபோது என் நாக்கை அறுத்துப் போடலாம் போல இருந்தது.

மருமகன் என்னைக் கொமினிகேசனுக்குக் கூப்பிட்டு ஆறுதலாகத்தான் விளக்கினார். "மாமா, இங்க மேட் எண்டால் கோவம். பால் சிந்தினால் மம்மி மேட், பஸ் பிந்தினால் டடி மேட், பள்ளிக்கூடத்தில ரீச்சரும் மேட். பிள்ளை நெடுக இதைத்தான் சொல்லும்." அதற்குள் கதை அம்மாவுக்கும் போய் அவளும் அழுதபடி இருந்தாள். ஓடிவந்து சொன்னேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நீங்களும் கோவம் வந்தால் எனக்கு விசர் வருது, பைத்தியம் பிடிக்குது எண்டுதானே சொல்லுறனீங்கள், அதுக்காக உங்களை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனனாங்களோ?" என்று என்னை ஏசினாள். ஆனால் மருமகன் சொன்ன மற்றதை அவளிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பிரவீனா சொன்னது முழுதும் என் காதில் விழவில்லையாம். "மம்மி இஸ் மேட் அட் யூ." உன் கோபம் என்னோடு.

நியாயமான கோபம். ஆடி மாதம் ஆமி தவராசாவைச் செக்பொயிண்டில் பிடித்துக்கொண்டு போனதையும் ஒரு மாதம் வைத்திருந்து பிறகு வெளியே விட்டதையும் நான் உனக்கு எழுதவில்லை. தூரத்தில் தனியே இருந்து அழப்போகிறாள் என்று நினைத்தேன். நீயோ அங்கே கோயிலில், யாரோ ஊராள் "தம்பியை விட்டிட்டாங்களாமே" என்று கேட்கும்போது ஒன்றும் தெரியாமல் முழித்துக்கொண்டு நின்றாயாம். சொந்தத் தம்பியின் கதையைப் பிறத்தியார் வாயால் கேட்க வைத்தவன் நான்.

மாமியிடம் மறுபடி போய் உள்ளதைச் சொன்னேன். வாசலில் வைத்தே கேட்டார், "சரி" என்றார், உட்காரக் கதிரை தரவில்லை. இன்னும் இரண்டு தரம் போக வேண்டி வரும், போவேன். நீ கோபத்தை உடனே விடு என்று நான் கேட்கவில்லை, சாப்பாட்டை மட்டும் விடாதே. பிரவீனாவை அந்தச் சொல்லுக்காக ஏசாதே, குழந்தை சரியாகத்தான் சொன்னது. கோணேசர் உங்கள் மூவரையும் குறையில்லாமல் வைத்திருக்கட்டும்.

மறக்காமல் ஞாயிறு பின்னேரம், அங்கே விடியும் நேரம், கொமினிகேசனுக்கு எடு. ஒவ்வொரு ஞாயிறும் தவராசா வந்து நிற்பான். அவனோடு கொஞ்சம் உரத்துக் கதை. ஆமி பிடித்து வைத்திருந்து அடித்த அடியில் அவனுக்கு இடது காது கேட்பதில்லை.

இப்படிக்கு,
உன் அப்பா
சோமசேகரம்