யன்னலோரத்து எண்ணெய்ப் போத்தல்

விடியக் குசினிக்குள் போனபோது யன்னலோரத்தில் இருந்த தேங்காய் எண்ணெய்ப் போத்தல் பாதிவரை வெள்ளையாக உறைந்திருந்தது. இரவு முழுக்க மழை. வாவிப் பக்கமிருந்து குளிர்காற்று அடித்துக்கொண்டே இருந்தது. நம்முடைய ஊரில் வருடத்தில் சில காலைகளில் மட்டும்தான் எண்ணெய் இப்படி உறையும். முன்பெல்லாம் போத்தலை அடுப்படியில் இளக வைத்துவிட்டுத் தேங்காய் துருவப் போய்விடுவேன். இப்போது அதைக் கண்டால் எனக்குக் கை கால் ஓடுவதில்லை.

பக்கத்து வளவு மீன் வியாபாரி புறப்பட இன்னும் கொஞ்ச நேரம் இருக்கிறது. அதற்குள் உங்களுக்கு இதை எழுதிவிட வேண்டும்.

நீங்கள் தபால் கந்தோர் வேலை முடிந்து வந்து சேர்ட்டைக் கழற்றுமுன்பே யாரோ ஒருவருடைய மோட்டார் சைக்கிள் நம் வளவுக்குள் நிற்கும். "காபரேட்டர் அடைக்குது, ஒருக்காப் பாருங்க" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், உங்களுக்குத் தேத்தண்ணியும் தேவையில்லை, மனைவியும் தேவையில்லை. சாப்பாட்டு மேசையில் பழைய பேப்பரை விரித்து ஒவ்வொரு துண்டாகக் கழற்றி வைப்பீர்கள். என் தேயிலை வடியில் சின்னப் பித்தளை ஜெட்டுகளைப் போட்டுப் பெற்றோலில் அலசுவீர்கள். ஒரு கண்ணை மூடிக்கொண்டு, ஜெட்டின் சின்னத் துளைக்குள்ளால் யன்னல் வெளிச்சம் தெரிகிறதா என்று பார்ப்பீர்கள். சோறும் பெற்றோல் மணக்கும்.

"இந்த மேசையில மனிசர் தின்னுறதா, மெஷின் தின்னுறதா?" என்று கத்துவேன்.

"மெஷினுக்குப் பசிச்சா றோட்டில நிண்டிரும் புள்ள. உனக்குப் பசிச்சா என்னத் தின்னுவாய், அவ்வளவுதான்" என்பீர்கள். ஆத்திரத்துக்குள்ளேயே எனக்குச் சிரிப்பு வந்துவிடும். அந்தச் சிரிப்புக்காகவே உங்களை மன்னித்துக்கொண்டிருந்தேன்.

எல்லாம் பூட்டி முடிக்குமுன் கடைசியாக ஒன்று செய்வீர்கள். அக்சிலேட்டரை முறுக்கினால் காபரேட்டருக்குள் மேலே ஏறி, விட்டால் கீழே இறங்கும் அந்த உருளைத் துண்டு. அதற்கு என் போத்தலிலிருந்து தேங்காய் எண்ணெய் தொட்டுப் பூசுவீர்கள். "இது உப்புக்காத்து. வெறுமையா விட்டா இறுகும். மெஷின் எண்ணெய் பூசினா ஊத்தை பிடிக்கும். தலைக்கு வைக்கிற எண்ணெய்தான் சுத்தம்" என்பீர்கள். வருகிற எல்லாரும் அதைப் பார்த்துத் தலையாட்டினார்கள். கொஞ்சக் காலத்தில் தேற்றாத்தீவில் நம் பக்கத்து ஒழுங்கைகளில் தேங்காய் எண்ணெய் பூசாத காபரேட்டர் இல்லையென்று ஆனது. உங்களுக்கு அதில் பெரிய பெருமை.

நீங்கள் போன அன்றும் இப்படித்தான் மழை விட்ட விடியற்காலை. முதல்நாள்தான் உங்கள் மோட்டார் சைக்கிளைக் கழற்றிப் பூட்டியிருந்தீர்கள். போத்தலை அடுப்படியில் இளக வைத்துவிட்டு, வழக்கம்போல் உங்கள் சத்தத்தைக் காதில் வைத்துக்கொண்டு நின்றேன். ஒழுங்கை முடிந்து வாவி றோட்டில் ஏறும்போது சத்தம் உயரும், வளைவு வந்ததும் இறங்கும். இறங்கினால் நான் என் வேலையைப் பார்ப்பேன். அன்றைக்கு உயர்ந்த சத்தம் இறங்கவேயில்லை. உயர்ந்தபடியே போய், திடீரென்று அறுந்துபோனது.

மத்தியானம் வெயில் ஏறியபிறகுதான் மோட்டார் சைக்கிளை வாவித் தண்ணீரிலிருந்து இழுத்துப் போட்டார்கள். பொலிஸ்காரர் அக்சிலேட்டரை முறுக்கி முறுக்கிப் பார்த்தார். அது வழுக்கிக்கொண்டு போய் வந்தது. "மெஷினில பிழை ஒண்டுமில்ல" என்றார். செத்த வீட்டுக்கு வந்தவர்கள் என் காது கேட்கவே சொன்னார்கள், "ஓடின வேகம் அப்படி. வாவிக்க பாய்ஞ்சிட்டான்" என்று. வளைவில் கோழி நின்றாலும் இறங்கி உருட்டிக்கொண்டு போகிற மனிதனைப் பற்றி! அந்தச் சொல்லை இத்தனை காலம் விழுங்கிக்கொண்டு இருந்தேன். 

மகளுக்குக் களுவாஞ்சிக்குடியில் வேலை கிடைத்தது. பின்வளவில் தறப்பாளுக்குக் கீழே கிடந்த உங்கள் மோட்டார் சைக்கிளை வெளியே எடுத்தாள். நான் வேண்டாம் என்று அழுதேன். கேட்பாளா? உங்கள் மகள். அதே மேசை, அதே வடி. ஒரு கண்ணை மூடி ஜெட்டைப் பார்த்தாள். கடைசியில் என் போத்தலை எடுத்தாள். "அப்பா இப்பிடித்தானே செய்யிற" என்றாள். நானும் அதைப் பார்த்துக் கண்கலங்கித்தான் நின்றேன்.

போன கிழமை ஒரு குளிர்ந்த விடியல். வளவுக்குள் நிறுத்தி வைத்தே ஸ்டார்ட் பண்ணி அக்சிலேட்டரை முறுக்கினாள். சத்தம் உயர்ந்தது. கையை விட்டாள். சத்தம் இறங்கவில்லை.  அன்றைக்கு வாவி றோட்டில் கேட்ட அதே சத்தம், இப்போது என் முற்றத்தில்.

"சாவியத் திருப்பு! திருப்படி!" என்று கத்தினேன்.

நிறுத்தினாள். காபரேட்டர் கையில் சில்லிட்டது. நின்ற நிலையிலேயே மேல்மூடியைக் கழற்றினாள். உருளை எளிதில் வரவில்லை, பிடித்து இழுக்க வேண்டியிருந்தது. அதைச் சுற்றி மெழுகு அப்பினதுபோல வெள்ளை. அவள் அதையும் யன்னலோரத்தில் உறைந்திருந்த போத்தலையும் மாறி மாறிப் பார்த்தாள். "அம்மா, அப்பா வேகமா ஓடயில்ல. எண்ணெ உறைஞ்சு இது கீழ இறங்காம நிண்டிருக்கு" என்றாள். 

உங்கள் பெயர் சுத்தமாகிவிட்டது. ஆனால் எனக்கு நிம்மதி வரவில்லை. நீங்கள் எத்தனை பேருக்கு இதைப் பழக்கிவிட்டீர்கள்! அவள் தன்னுடையதைப் பெற்றோலில் கழுவித் துடைத்து வெறுமையாகவே பூட்டினாள். நாங்கள் வீடு வீடாகப் போய்ச் சொன்னோம். சிலர் உடனே கழற்றினார்கள். சிலர், பாவம் மனிசி புருசன் நினைவில் புலம்புது என்று பார்த்தார்கள். நாங்கள் போன நேரமெல்லாம் நல்ல வெயில், யாருடைய காபரேட்டரிலும் வெள்ளை இல்லை.

மீன் வியாபாரிதான் அசையவே மாட்டேன் என்கிறார். "அண்ணன்ட கை பட்ட காபரேட்டர் அக்கா. இத்தின வருசமா மாரி வந்தா அவர் சொன்ன மாதிரி எண்ணெ போட்டுத்தான் ஓடுறன். அதக் கழட்டிக் கழுவ எனக்கு மனம் வராது" என்றார். சொல்லும்போது அவருக்குக் கண் நிறைந்துவிட்டது. உங்கள்மேல் வைத்த அன்பிடம் நான் என்னத்தைச் சொல்லி வாதாட?

இதோ, பெட்டிக்குள் ஐஸ் கொட்டுகிற சத்தம் கேட்கிறது. பின்சீட்டில் றெஜிபோம் மீன்பெட்டியைக் கட்டியதும் புறப்பட்டுவிடுவார். வாவி றோட்டால்தான் போவார். வானம் இன்னும் மூடித்தான் கிடக்கிறது.

உறைந்தபடியே அவருக்குக் காட்ட, போத்தலை ஈரத் துணியால் சுற்றி எடுத்துக்கொண்டேன். என் கைச்சூட்டில் இளகுமுன் அவருடைய படலைக்குப் போய்ச் சேர வேண்டும்.