தவறான பக்கத்தில் பதினொரு பேர்

மார்ச் 4, சனி
தபால் ஆபீஸ் வாசலில் ஐந்தாவது வாரம். நம் விமானங்கள் குண்டு போட்ட ஊர்களில் செத்தவர்களின் பெயர்களை வாசித்தேன். நின்று கேட்டவர்கள் நாலு பேர். அதில் ஒருவர் பஸ்ஸுக்கு நின்றவர். பேனரில் எந்த எழுத்து பெரிதாக இருக்க வேண்டும் என்று நம் ஆட்களுக்குள் அரை மணி நேரச் சண்டை. தலைவலி.

மார்ச் 7
தையல் கடைக்காரி நான் டைப் அடிக்கும் ஆபீசுக்கே வந்துவிட்டாள். நாம் குண்டு போடும் அந்த நாட்டிலிருந்து தப்பி வந்தவள். மூன்று வாரம் முன்பு நான் வாசித்ததில் தன் தம்பி பெயரைக் கேட்டு, ரோட்டிலேயே உட்கார்ந்து அழுதவள். அவன் நேற்று போன் செய்தானாம். ஒரு கால் இல்லை, உயிர் இருக்கிறது.

"செத்துட்டான்னு அழுது தீர்த்துட்டேன் அக்கா. இப்ப கால் போச்சேன்னு அழக் கண்ணீர் வரல," என்றாள்.

திட்டியிருந்தால் தேவலை.

வீட்டுக்கு வந்து, அங்கிருந்து எங்களுக்கு வந்த ஆஸ்பத்திரிப் பட்டியலை எடுத்துப் பார்த்தேன். கடைசிப் பக்கம் காயம்பட்டவர்களுடையது. தலைப்பைப் பார்க்காமல் செத்தவர்களோடு சேர்த்து டைப் அடித்திருக்கிறேன். டீ குடித்துக்கொண்டே அடித்தது. பதினொரு பேர். சே, என்ன ஜென்மம் நான்?

மார்ச் 9
எங்கள் போர் எதிர்ப்புக் குழுவில் சொன்னேன். எங்கள் தலைவர் வக்கீல். "சத்தமில்லாம எடுத்துடுங்க. நாமளே தப்புன்னு சொன்னா மிச்ச நானூறு பேரும் பொய்னுடுவாங்க," என்றார். எல்லாரும் தலையாட்டினார்கள். அரசாங்கம் மறைத்தால் கோஷம் போடுகிறோம், நாம் மறைத்தால் மட்டும் சாமர்த்தியமா?

வீட்டுக்கு வந்து இவரிடம் புலம்பினால், "ஊரைத் திருத்தப் போனவ முதல்ல பட்டியலைத் திருத்து," என்று கிண்டல். தட்டை ணங்கென்று வைத்தேன்.

மார்ச் 11, சனி
சொல்லிவிட்டேன். பதினொரு பெயரையும் வாசித்து, இவர்கள் காயம்பட்டவர்கள், தப்பு என்னுடையது என்றேன். வக்கீல் மைக்கைப் பிடுங்கிக்கொண்டார்.

மார்ச் 12
பேப்பரில் கொட்டை எழுத்தில்: 'போலிப் பட்டியல்: குழுவே ஒப்புதல்'. வக்கீல் சொன்னபடியே நடந்திருக்கிறது. அதுதான் இன்னும் எரிச்சல்.

மார்ச் 14
இனி வாசிக்க வர வேண்டாம் என்று சொல்லியனுப்பிவிட்டார்கள்.

மார்ச் 18, சனி
போகவில்லை. துணி துவைத்தேன்.

மத்தியானம் தையல் கடைக்காரி வந்தாள். அளவு எழுதும் நோட்டிலிருந்து கிழித்த தாள். அவள் தெருவில் செத்தவர்கள், இருபத்து மூன்று பேர். இதுவரை யாரிடமும் கொடுக்கவில்லையாம்.

"நீங்க எழுதுங்க. தப்பா எழுதினா தப்புன்னு சொல்லுவீங்க," என்றாள்.

ஒவ்வொரு பெயராகக் கேட்டேன். என்றைக்கு, எந்த வீட்டில், யார் பார்த்தது. நாலாவது பெயருக்கு வயது கேட்டேன். விரல் மடக்கி மாதங்களை எண்ணினாள்.