தீர்த்தம் தெளித்த கணினி

வெள்ளிக்கிழமை இரவு.

மலேசியாவின் சிலாங்கூரில் ஓடும் லோரி ரேடியேட்டர்களில் பாதி என் கைபட்டுத்தான் உயிர் பிழைத்தன. அந்தத் திமிரில் தங்கை மகள் தர்ஷினியின் கணினிக்குச் சூடு தணிக்கும் தண்ணீர்க் குழாய் மாட்ட உட்கார்ந்தேன். திங்களன்று கல்லூரியில் கொடுக்க வேண்டிய அவளுடைய அனிமேஷன் படம் முழுவதும் அதற்குள்தான் இருக்கிறது. நகல் கிடையாது. வேலை செய்யும்போது அது கொதிக்கிற சூட்டில் எங்கள் ஊர் ஆற்றோர மின்மினிகளே வெந்து விழும்.

குழாய்களை மாட்டித் தண்ணீர் நிரப்பி, பம்பை மட்டும் ஓடவிட்டோம். ஒவ்வொரு இணைப்பின் கீழும் தர்ஷினி டிஷ்யூ பேப்பர் விரித்தாள். காலை வரை அது ஈரமாகாமல் இருந்தால்தான் கணினிக்குக் கரண்ட் கொடுக்கலாமாம்.

அவள் குளிக்கப் போனாள். பூசை போடாமல் எந்தப் புது வண்டியையும் நான் ரோட்டில் இறக்கியதில்லை. அம்மன் கோயில் தீர்த்தத்தை மாவிலையால் திறந்திருந்த கணினிமேல் தெளித்தேன். கொஞ்சம் தாராளமாகவே.

வந்தவள் டிஷ்யூவைத் தொட்டுப் பார்த்தாள். "மாமா, ஒழுகுதா?"

"இல்லம்மா, தீர்த்தம். லேசாதான் தெளிச்சேன்."

"எல்லாமே தீர்த்தம்தானா? குழாய்த் தண்ணியும் இதுல கலந்திருந்தா?"

நாடாளுமன்றத்தையே பேச்சில் மடக்கக்கூடிய நான் டிஷ்யூவை விளக்கு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். இரண்டுக்கும் நிறமில்லை. உள்ளே போர்டில் எவ்வளவு இறங்கியதோ, அதுவும் தெரியவில்லை.

"கோவிச்சுக்காத லா," என்றேன்.

"நீங்க போய்ப் படுங்க மாமா."

பம்பை நிறுத்திவிட்டு, காற்றாடியைக் கணினிப் பக்கம் திருப்பிவைத்து, அதன் எதிரே உட்கார்ந்திருக்கிறாள். நாளைக்குக் காய்ந்தாலும் கரண்ட் கொடுக்கத் துணிவாளா தெரியவில்லை. திட்டியிருந்தால் இந்நேரம் குறட்டை விட்டிருப்பேன்.