கருமதிலில் தாழை இல்லை

திங்கள், நவம்பர் 3

காலையிலிருந்து தூறல். துணி காயவில்லை. மாடிக் கொடி, அறைக்குள், மறுபடி மாடி. அஸர் தொழுகை வரை இதே வேலை.

சபூராவின் கதை அச்சுக்குப் போகிறது. சனிக்கிழமை காலை பத்து மணி, ராயப்பேட்டையில் ஓர் அச்சகம். என் நாத்தனார் எழுதிய புத்தகம். எனக்குச் சந்தோஷம்தான். இங்கே எழுதியும் வைக்கிறேன், அப்புறம் இல்லை என்று யாரும் சொல்லக்கூடாது.

மூன்று வருஷம் முன்பு புருஷன் வீட்டிலிருந்து பெட்டியோடு திரும்பி வந்தாள். வந்து ஒரு வருஷம் வாயே திறக்கவில்லை. அப்புறம் கைப்பேசியில் வாராவாரம் கதை. 'கருமதில்'. ஒரே ஊர், ஒன்பது வாசல், மதிலைத் தாண்டி யாரும் போனதில்லை. உப்புக்காரர்களுக்கும் புகைக்காரர்களுக்கும் தலைமுறைச் சண்டை. எந்த ஊர் என்று எனக்குத் தெரியும். துறைமுக வாசலில் ஒன்பது நாள் காத்து நிற்கும் வண்டி வரிசை, நம் எண்ணூர் ரோட்டுக் கன்டெய்னர் லாரி. வருஷத்துக்கு ஒரு தெருவைத் தின்னும் கடல், திருவொற்றியூர்க் குப்பம்.

யார் எந்த அத்தியாயத்தில் செத்தார், யாருக்கு இடது கண் இல்லை, எந்தத் தெருவிலிருந்து எந்த வாசலுக்கு எத்தனை நாழிகை. எல்லாம் நான் குறித்தது. நீளக் கணக்கு நோட்டு மூன்று. நான் எட்டாவதோடு நின்றவள், அவள் எம்.காம். ஆனாலும் கதாநாயகன் வேரனுக்கு எத்தனை தம்பி என்று கேட்டுக்கொண்டு என்னிடம்தான் வருவாள். நான் நோட்டைத் திறப்பேன். அந்த நேரம் எனக்குப் பிடிக்கும்.

இன்று அலமாரியில் மூன்று நோட்டும் இல்லை. கீர்த்தனாவிடம் கொடுத்துவிட்டாளாம். மாதவரத்துப் பெண். கைப்பேசியில் படித்துப் பழக்கமானவள், இப்போது தோழி, புத்தகத்துக்கு எடிட்டிங் அவள்தான். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இனி கீ. என்றுதான் எழுதுவேன். முழுப் பேர் எழுத மனம் வரவில்லை.

செவ்வாய், 4

மழை இல்லை. வெறும் புழுக்கம்.

அச்சுக்கான தாள்கள் வந்தன. 612 பக்கம். சபூரா (இவளும் இனி ச.தான்) கொண்டுவந்து கட்டிலில் வைத்தாள். எழுத்துப் பிழை மட்டும் பார்த்தால் போதும், கதையை கீ. பார்த்துவிட்டாள் என்றாள். மட்டும்.

மத்தியான லுஹர் தொழுகைக்குள் 140 பக்கம். பார்த்தது:
- ஒற்று விட்ட இடம் 9
- அத். 4இல் குதிரை வெள்ளை, அத். 7இல் சாம்பல். (எழுத்துப் பிழை இல்லை. எனக்கென்ன.)
- தாழை எங்கே?

தாழை ஏட்டுக்காரி. கடல் தின்ற தெருக்களில் செத்தவர்கள் பேரையெல்லாம் எழுதி வைப்பவள். முசுடு. யாரும் கல்யாணத்துக்கு அழைக்க மாட்டார்கள். ஆனால் ஒரு பேர் வேண்டுமென்றால் ராஜாவே அவள் வாசலில் நிற்க வேண்டும். அத். 6இல் வர வேண்டியவள். இல்லை. 11இல் இல்லை. கடைசி வரை புரட்டினேன். எடுத்துவிட்டார்கள்.

தாழை யார் என்று ச. ஒருநாளும் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை. முக்காடு, காதில் செருகிய பென்சில், எதையும் இரண்டு தரம் எண்ணுகிற பழக்கம். இந்த வீட்டில் வேறு யார் காதில் பென்சில் செருகுகிறார்கள்?

மீன் குழம்பில் உப்பு இரண்டு தரம். இவர் இரண்டு சொம்பு தண்ணீர் குடித்துவிட்டு எழுந்தார்.

புதன், 5

கேட்டேவிட்டேன். ச. தலை சீவிக்கொண்டே சொன்னாள். அண்ணன் பெண்டாட்டியை மச்சி என்பதுதான் எங்களில் வழக்கம்.

"கீர்த்தனா இன்னா சொல்றான்னா மச்சி, தாழை வந்தா கதை அங்கயே நின்னுடுதாம். பேர் பேரா சொல்லிக்கினு கீறா. படிக்கிறவங்களுக்கு பேஜாராயிடும்ன்றா."

சரி என்றேன்.

மத்தியானம் கடைசி அத்தியாயம். செத்தவர்கள் முந்நூறு பேர் பேரையும் ஒன்று விடாமல் சொன்னால்தான் வடக்கு வாசல் திறக்கும். முன்பு தாழை சொன்னாள். இப்போது வேரன் சொல்கிறான். அவன் பிறப்பதற்கு முன்பே கடலுக்குள் போன தெருக்கள் அவை. அவனுக்கு யார் சொன்னது அந்தப் பேர்களை? 612 பக்கத்திலும் தேடினேன். இல்லை. ஓட்டை. லாரி நுழையும் ஓட்டை.

கீ. காலேஜ் படித்தவள். அவளுக்குத் தெரியவில்லை, எனக்குத் தெரிகிறது.

எவ்வளவு சந்தோஷப்பட்டேன் என்று எழுதக் கூசுகிறது. அப்படியே அச்சாகட்டும். படிக்கிறவர்கள் எல்லாரும் கேட்கட்டும், யார் அந்த எடிட்டர் என்று. அந்தப் பக்கத்தில் பென்சில் படவே இல்லை. எழுத்துப் பிழை ஒன்றும் இல்லையே அங்கே.

இவர் கன்டெய்னர் யார்டிலிருந்து வந்ததும், "இன்னா, மூஞ்சில லைட்டு எரியுது இன்னிக்கு?" என்றார். சேமியா பாயசம் காய்ச்சியிருந்தேன்.

வியாழன், 6

மறுபடி மழை. நான்கு மணிக்கு கீ. தாள்களை வாங்க வந்தாள். ஸ்கூட்டரில், தொப்பலாக நனைந்து. துண்டு கொடுத்தேன். டீ போட்டேன். ச. இல்லை, டெய்லரிடம் போயிருந்தாள். தனியாக மாட்டிக்கொண்டேன்.

என் மூன்று நோட்டுக்கும் பழுப்பு அட்டை போட்டுக் கொண்டுவந்திருந்தாள். இந்த நோட்டு இல்லாவிட்டால் பாதியிலேயே ஓடியிருப்பாளாம். எழுத்து முத்து முத்தாக இருக்கிறதாம். பிஸ்கட் தட்டை நகர்த்தினேன்.

"அக்கா, கடைசி அத்தியாயத்துல எனக்கு என்னமோ இடிக்குது. என்னன்னுதான் பிடிபடல. உங்களுக்கு ஏதாவது தோணுச்சா?"

"எனக்கு எழுத்துப் பிழை மட்டும்தான் பார்க்கச் சொன்னாங்க."

27 பிழை, பக்க எண்ணோடு பட்டியல். கொடுத்தேன். வாங்கிக்கொண்டு நன்றி சொல்லிப் போனாள். நான் சொன்னதில் ஒரு வார்த்தை பொய் இல்லை.

மஃரிப் தொழுகை முடிந்து வழக்கமான துஆ. பொறாமைக்காரர்களின் தீங்கிலிருந்து காவல் கேட்கும் இடம் வந்தது. இத்தனை வருஷமும் எதிர்வீட்டுக்காரியை நினைத்துத்தான் கேட்டேன். இந்த வாரம் கீ.யை நினைத்து. இன்று வாய் நின்றுவிட்டது. பக்கத்தில் அதே பாயில் ச.வும் அதையே ஓதிக்கொண்டிருந்தாள். கண்ணை மூடிக்கொண்டு. அவள் யாரிடமிருந்து காவல் கேட்கிறாள் என்று அவளுக்கே தெரியாது.

அப்போதும் சொல்லவில்லை. பாயைச் சுருட்டி வைத்தேன்.

வெள்ளி, 7

இவர் ஜும்ஆ தொழுகைக்குப் போனார். வீட்டில் பெண்கள் மூன்று பேர். என் மாமியார் பூண்டு உரித்துக்கொண்டே பெற்ற மகளையே திட்ட ஆரம்பித்தார். வாழ வழியில்லாமல் வந்தவள், போனை நோண்டிக்கொண்டு ராஜா கதை எழுதுகிறாள், ஜமாஅத்தில் கேட்கிறார்கள். ச. கறி வெந்துவிட்டதா என்று பார்த்துவிட்டு உள்ளே போனாள்.

நானும் போனேன். கைப்பேசியில் அட்டைப் படம் காட்டினாள். பேர் 'சபூரா' மட்டும். முன்னாலும் பின்னாலும் எந்த ஆம்பளை பேரும் இல்லை.

"பயமா கீது மச்சி. ஒரே ஒரு தப்பு இருந்தா போதும். வூட்ல குந்திக்கினு எழுதுற பொம்பளைக்கு இதான் வரும்னு சிரிச்சிடுவாங்க."

தன் பேரை விரலால் பெரிதாக்கிப் பார்த்தாள். சின்னதாக்கி, மறுபடி பெரிதாக்கினாள்.

சொல்லிவிட்டேன். "வேரனுக்கு அந்தப் பேரெல்லாம் யார் சொன்னது?"

கைப்பேசியை மடியில் கவிழ்த்துக் கட்டிலில் உட்கார்ந்தாள்.

"எப்போ பார்த்தீங்க?"

"புதன்."

"இன்னிக்கு வெள்ளி, மச்சி."

அவ்வளவுதான். அடித்திருந்தால் தேவலை.

கீ.க்குப் போன். தாழையைத் திரும்பக் கொண்டுவர வேண்டுமென்றால் பதினொரு அத்தியாயம் மாற்ற வேண்டும். அச்சகத்தில் இந்த முறை விட்டால் அடுத்தது பொங்கல் கழித்து. ச. போனை வைக்காமலே என்னைப் பார்த்தாள்.

"பொங்கலுக்கு அப்புறமே வரட்டும். தாழையை உள்ளே வெச்சிடறேன். அதானே உங்களுக்கு வேணும்?"

அதுதான் வேண்டும். சரி என்று சொல்ல நாக்கு நுனி வரை வந்தது. மாமி அடுப்படியிலிருந்து குரல் கொடுத்தார், கதை முடிந்துவிட்டால் தேங்காய் துருவ ஆள் வேண்டும் என்று. பொங்கல் வரை இதைக் கேட்க வேண்டும் இவள்.

"வேணாம்" என்றேன். "முப்பத்தொண்ணாவது அத்தியாயத்துல வேரன் கடலோர இடிஞ்ச வூட்ல ஒளியறான் இல்ல? அங்க அவனுக்கு ஒரு ஏடு கெடைக்கட்டும். பேரெல்லாம் அதுல கீது. படிச்சான். முடிஞ்சது."

"யார் எழுதினதுன்னு கேப்பாங்களே."

"யாரோ ஒருத்தி. பேர் தெரியலன்னு போடு."

ஆறு வரி தட்டினாள். படித்துக் காட்டினாள். 31இல் அமாவாசை, விளக்கும் இல்லை, இருட்டில் எப்படிப் படிப்பான்? விடிந்ததும் படித்தான் என்று மாற்றச் சொன்னேன். மாற்றி கீ.க்கு அனுப்பினாள். நன்றி சொல்லவில்லை. சொல்ல வேண்டியதில்லைதான்.

சனி, 8

வெயில். சுள்ளென்று.

ஒன்பது மணிக்கு கீ. வந்தாள். ச. புதுத் துப்பட்டா, பச்சை. மாமியிடம் சலாம் சொன்னாள். என்னிடமும் சொன்னாள், அதே குரலில். வண்டியில் பின்னால் ஒருத்திக்குத்தான் இடம். நான் ஒன்றும் கேட்கவில்லை. கீ.தான் கேட்டாள், நீங்களும் வாங்கக்கா, ஆட்டோ சொல்லட்டுமா என்று. ச. ஹெல்மெட் வாரை மாட்டிக்கொண்டு ரோட்டைப் பார்த்தாள். மாட்டி முடித்த பின்னும் பார்த்தாள்.

அடுப்பில் வேலை இருக்கிறது என்றேன். அடுப்பில் ஒன்றும் இல்லை.

மாடிக்குப் போனேன். ரயில்வே கேட் வரை தெரியும். கேட் போட்டிருந்தார்கள், கூட்ஸ் வண்டி. இரண்டு பேரும் நின்றார்கள். கீ. திரும்பி ஏதோ சொன்னாள். ச. அவள் தோளில் கை வைத்துச் சிரித்தாள். குனிந்து குனிந்து சிரித்தாள்.

அவ்வளவு சிரிக்க என்ன சொன்னாள்?