உன் தங்கச்சி கால்

இத்தலார்

சசிதரனுக்கு அம்மா எழுதறது. நானும் உங்கப்பாவும் சுகம், உன் தங்கச்சி சுகமில்ல, நீ கத்தார்ல சுகமாத்தான் இருப்ப, அதை நான் கேக்கப் போறதில்ல. போன்ல சத்தமாப் பேசினா கட் பண்ணிடற, அதனால பக்கத்து லைன் வீட்டு ஜஸ்டஸ் லீவு முடிஞ்சு அங்க வர்றப்போ அவன் கையில இதைக் குடுத்தனுப்பறேன், இதைக் கட் பண்ண முடியாது.

ராஜப்ரியா போலீஸ் செலக்சனுக்கு ஓடிப் பழகறேன்னு கிளம்பினப்போ, நீ ஜிம்முல ஆளுகளுக்குச் சொல்லிக் குடுக்கறவனாச்சே, அங்கிருந்தே போன்ல சொல்லிக் குடுத்து தங்கச்சியை நல்லாப் பார்த்துக்குவன்னு நம்பித்தான் விட்டோம். காலையில எஸ்டேட் மேட்டுல ஓட்டம், சாயங்காலமும் ஓட்டம், ஞாயித்துக்கிழமை கூட லீவு இல்ல. முழங்காலுக்குக் கீழ எலும்பு மேல விரலை வெச்சாலே உயிர் போகுதுன்னு அவ உங்கிட்ட அழுதிருக்கா. சதை வளர்றப்போ வலிக்கத்தான் செய்யும், பேண்டேஜ் சுத்திட்டு ஓடு, அம்மாகிட்டச் சொல்லாதேன்னு நீ சொல்லியிருக்க. எங்கிட்ட மறைக்கச் சொல்ல நீ யாருடா? செலக்சன் அன்னிக்குக் கோயமுத்தூர் மைதானத்துல பாதி ஓட்டத்துலயே விழுந்துட்டா, உங்கப்பாதான் தூக்கிட்டு வந்தாரு.

எலும்பு டாக்டரம்மா படத்தைக் காட்டிச் சொன்னாங்க, ஓட ஓட எலும்புக்குள்ள பொடிப்பொடியா விரிசல் விடுமாம், ஓய்வு குடுத்தா அதை அடைச்சுக்கிட்டு முன்னைவிடக் கெட்டியாயிடுமாம். சதை சீக்கிரம் பழகிடும், எலும்பு மெதுவாத்தான் பழகும், அதுக்குள்ள மேல மேல ஓட வெச்சா உடைஞ்சுதான் போகுமாம். யாரு பழக்கினதுன்னு கேட்டாங்க. உங்கப்பா தலையைக் குனிஞ்சுக்கிட்டாரு. இத்தனைக்கும் அவ ஓடற வீடியோவை இன்ஸ்டாவுல போட்டு, நான் பழக்கின பொண்ணுன்னு பெருமை பேசியிருக்க, இன்னும் எடுக்கல. சாரின்னு மெசேஜ் போட்டா எலும்பு கூடிடுமா?

இப்பக் கட்டுப் பிரிச்சாச்சு. கால் சூம்பிப் போச்சு. கொஞ்சம் கொஞ்சமாப் பாரம் குடுத்தாத்தான் சதையும் எலும்பும் திரும்புமாம், ஆஸ்பத்திரியில சொன்னபடி நடந்து பழகறா. அடுத்த செலக்சனுக்குப் போவாளாம், போகட்டும். நேத்து கைத்தடி இல்லாம வாசல் வரைக்கும் வந்துட்டா. எனக்கு அழுகையே வந்துருச்சு, உன் மேல இருந்த கோபத்தையும் மறந்து போனை எடுத்துட்டேன். அவ என் கையைப் புடிச்சு, அண்ணனுக்குச் சொல்லாதீங்கம்மா, மறுபடி ஓடச் சொல்லிரும்னா. உன் கூடப் பொறந்தவடா. உனக்குப் பயந்துக்கிட்டு, தான் நடக்கறதையே மறைக்கறா.

வேளைக்குச் சாப்பிடு. சாமி உன்னைக் காப்பாத்தட்டும், பெத்துட்டேன், வேற என்ன சொல்ல. அந்த வீடியோவை எடுத்துப்போடு. அவளாக் கூப்பிடற வரைக்கும் நீ அவளைக் கூப்பிடாத.

உன் அம்மா
தெய்வம்மா