துறையில் முதல் கால்

கண்டக்குழி,
திங்கட்கிழமை

அன்பு மகனுக்கு,

உன் கடிதத்தில் தேதி இல்லை. பொறியியலாளனுக்கு இந்த அசட்டை ஆகாது. இறுதி ஆண்டு வேலையாக நீ வரைந்து கட்டிய இறங்குதுறைக்குக் கல்லூரி முதல் தரம் கொடுத்ததில் எனக்கு வியப்பில்லை. ஆனால் இங்கே ஒரு தோணியும் அதில் கட்டப்படவில்லை. அதில் முதலில் நான்தான் நடக்க வேண்டும் என்று எல்லாருக்கும் முன்னால் சொல்லிவிட்டுப் போனாயே, அதுதான் காரணம்.

நேற்றுப் பூசை முடிந்ததும் துறைக்குப் போனேன். தோணிக்காரருக்கெல்லாம் தலைவனான சம்மாட்டி சவிரிமுத்து வழியை மறித்து நின்றான்.

"மாமி, கோவிக்காதீங்க. கைம்பெண் கால் முதல்ல பட்டா ஒருத்தரும் தோணி கட்டமாட்டாங்க."

"இந்தக் கரையில இன்னொருத்தி கைம்பெண் ஆகக்கூடாதெண்டுதான் என்ட மகன் இதைக் கட்டினவன். நீர் விலகும்."

விலகினான். கடைசிப் பலகை வரை நடந்தேன். உன் அப்பாவின் தோணி கரையலையில் கவிழ்ந்த இடம் அங்கிருந்து தெரிகிறது. அதைப் பற்றி எழுதப் போவதில்லை. பலகைகள் அசையவில்லை என்பதை மட்டும் எழுதுகிறேன்.

இன்று விடியற்காலையும் எல்லாரும் மணலிலிருந்தே தோணிகளைத் தள்ளிக்கொண்டு போனார்கள். இப்போது தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று எழும்பிவிட்டது. கரையில் அலை ஆள் உயரத்துக்கு உடைகிறது. ஒரு வரி எழுதுவதும் யன்னலுக்கு ஓடுவதுமாக இருக்கிறேன், கதிரையில் இருப்புக்கொள்ளவில்லை.

முன்னால் வருவது சவிரிமுத்துவின் தோணி. அது மணலுக்குத் திரும்பவில்லை, உன் துறையைப் பார்த்து வருகிறது. அங்கே கயிறு பிடிக்க ஒருவரும் இல்லை. நான் போகிறேன்.

உன் அம்மா