தமிழ்வாணியின் கொடிக்கால்

மதுரை,
தை 20.

அன்புத் தங்கை மலையம்மாளுக்கு,

அண்ணன் பீமாராவ் எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். குவைத்தில் உன் உடம்பைப் பார்த்துக்கொள். போனில் பேசினால் நமக்குள் சண்டைதான் மிஞ்சுகிறது. அதனால் எழுதி, அங்கிருந்து விடுமுறைக்கு வந்த நம்மூர்ப் பையன் காளையிடம் கொடுத்தனுப்புகிறேன்.

செய்தி உன் மகள் தமிழ்வாணியைப் பற்றியது. மச்சான் சின்னான் இறந்த பின் சோழவந்தான் வெற்றிலைக் கொடிக்காலை அவள்தானே பார்க்கிறாள்? ஐப்பசி மழையில் தண்ணீர் தேங்கிக் கொடி வாடியது. உடனே மச்சானின் அண்ணன் மொக்கையன் ஊரைக் கூட்டிவிட்டான். "வீட்டுக்கு விலக்கான நாள்லயும் பொட்டப்புள்ள உள்ள போனா கொடி அழுகாம என்ன செய்யும்? தைக்குள்ள துளிர்க்கலன்னா நிலத்த எங்கிட்ட விட்ரணும்" என்றான். உன் கல்யாணப் பந்தியில் இலைமுன் உட்கார்ந்த என்னை எழுப்பிவிட்டவன். இருபத்திரண்டு வருடமாகியும் நான் மறக்கவில்லை.

இருந்தும், இரண்டு எம்.ஏ. படித்த நான் அன்று அவன் பக்கம் பேசினேன். "அந்த மூணு நாளு வெளிய நில்லும்மா, ஊரோட எதுக்கு வம்பு" என்றேன். "அப்ப அந்த மூணு நாளும் நீங்க தண்ணிய வெட்டி விடுறீங்களா மாமா?" என்று கேட்டாள்.

அழுகிய கொடியைப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறி வேளாண் கல்லூரிக்குப் போனாள். வேரழுகல், தண்ணீரை வடித்து நோய்க்கொடியைப் பிடுங்கி எரி என்றார்கள். கூலிக்கு யாரும் போகாதபடி மொக்கையன் தடுத்துவிட்டான். பதினோரு நாள் தனியாளாக மண்வெட்டி பிடித்து வடிகாலை ஆழப்படுத்தினாள். உள்ளங்கை கிழிந்ததை உன்னிடம் சொல்லியிருக்க மாட்டாள்.

இப்போது அகத்தியைச் சுற்றி இடுப்புயரம் ஏறிவிட்டது கொடி. நேற்று நான் அங்கே இருக்கும்போது மொக்கையனே வந்தான். அவன் கொடிக்காலும் வாடுகிறதாம். வரப்பிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு, "ஆத்தா, நம்ம கொடியையும் ஒரு எட்டு வந்து பாரேன்" என்றான்.

"வாரேன் பெரியப்பா. ஆனா இன்னைக்கு எனக்கு ரெண்டாம் நாளு. பரவாயில்லையா?"

அவன் தரையைப் பார்த்தபடி, "வா தாயி" என்றான்.

நானாக இருந்தால் அவன் கொடி முழுக்கக் காயட்டும் என்று விட்டிருப்பேன். அவள் போனாள். பொழுது சாயும்வரை அவனோடு நின்று வாய்க்கால் வெட்டினாள். பத்தொன்பது வயது, மலை!

அன்று அவன் பக்கம் பேசியது என் தப்பு என்று அவளிடம் நான் இன்னும் சொல்லவில்லை. வாய் வரமாட்டேன் என்கிறது. அடுத்த வெற்றிலைப் பறிப்புக்கு எப்படியாவது வந்துவிடு. நீ பக்கத்தில் நின்றால் சொல்லிவிடுவேன்.

அவளைப் பெற்ற உன் வயிறு குளிர்ந்திருக்கட்டும்.

உன் அண்ணன்,
பீமாராவ்